கியர் எத்தனை பாஸ்?

பாக்கெட் மணியைச் சேர்த்து வெச்சு, கடல் தூண்டிலுக்கு ஸ்பின்னிங் ரீல் வாங்கப் போறீங்களா? டப்பாவில் 6.2:1னு போட்டிருக்கும். கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா ரோட்டார் 6.2 தடவை சுத்தும்னு அர்த்தம். ஸ்பூல் விட்டம் 5 செ.மீ.ன்னா ஒரு சுத்துக்கு 97 செ.மீ. நரம்பு உள்ளே வரும். 4.9:1க்கு 77தான். வேடிக்கை என்னன்னா, மீன் நரம்பை இழுத்துட்டு ஓடி, ஸ்பூல் 4 செ.மீ.க்கு இளைச்சுட்டா 6.2-வும் 78-க்கு இறங்கிடும். அதனால கடையில கியரை மட்டும் கேக்காதீங்க, சுத்துக்கு எத்தனை செ.மீ.ன்னு கேளுங்க.

வஞ்சிரம் வேகமா ஓடுற இரையை விரட்டிப் பிடிக்கிற மீன். அதுக்கு ஹை ஸ்பீடு. கடிச்ச மீன் உங்க பக்கமே பாஞ்சு வந்து நரம்பு தொய்ஞ்சாலும் வேகம்தான் காப்பாத்தும். ஆனா பெரிய பாரை மாட்டினா, டாப் கியர்ல சைக்கிளை மேட்டுல மிதிக்கிற கதைதான். ஆழத்துல முங்கி இழுக்கிற கனமான இரைக்கும் ஸ்லோ கியரே சுகம்.

ஒண்ணுதான் வாங்க முடியுமா? என் ஓட்டு ஹை ஸ்பீடுக்கு. வேகமான ரீலை மெதுவாச் சுத்தலாம். மெதுவான ரீலை மணிக்கணக்கா வேகமாச் சுத்திப் பாருங்க, தெரியும்! பாரை வந்தா? கைப்பிடியால இழுக்காதீங்க. ராடைத் தூக்கி மீனைக் கொண்டு வாங்க, ராடு இறங்கும்போது மட்டும் சுத்துங்க.