தொழிலை விரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள், சாதி விடுகிறதா?

தொழிலைக் குறுகலாக வரையறுக்காதீர்கள் என்பது மேலாண்மைப் படிப்பில் எல்லோரும் கேட்கும் பாடம். 1960இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் தியோடர் லெவிட் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது. அமெரிக்க ரயில் நிறுவனங்கள் தாங்கள் நடத்துவது ரயில் தொழில் என்று நினைத்தன. ஆட்களையும் சரக்கையும் கொண்டுசேர்ப்பதே தங்கள் தொழில் என்று நினைக்கவில்லை. அதனால் காரும் லாரியும் விமானமும் வந்தபோது வாடிக்கையாளர்களைப் பறிகொடுத்தன என்றார் அவர்.

அறிவுரை நல்லதுதான். தொழில்முனைவோர் பயிற்சி முகாம்களில் நம் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டுச் சொல்கிறார்கள். ரயில் நிறுவனத்துக்குத் தன் தொழில் என்னவென்று தானே முடிவுசெய்யும் உரிமை இருந்தது. நம் தொழிலை முடிவுசெய்தவர்கள் நாமல்ல. பிறப்பதற்கு முன்பே ஊர் முடிவுசெய்து வைத்திருந்தது.

இதை லெவிட்டுக்கு 24 ஆண்டுகள் முன்பே, 1936இல், அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார். தொழில்கள் ஒரே நிலையில் நிற்பதில்லை, மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்துக்கு ஏற்ப ஒருவர் வேறு தொழிலுக்குப் போக முடிய வேண்டும். சாதி அதைத் தடுக்கிறது, ஆகவே வேலையின்மைக்குச் சாதியே நேரடிக் காரணமாகிறது என்பது அவர் வாதம். நாம் மாறாமல் இருந்தது சோம்பலால் அல்ல. மாறக்கூடாது என்பதுதான் விதியாக இருந்தது.

விதி பழையதென்று ஒதுக்கிவிட முடியாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று தமிழ்நாடு எதிர்த்தது, 1954இல் அது கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. செருப்புத் தைப்பவர், சலவை செய்பவர், முடிதிருத்துபவர் உட்பட 18 தொழில்கள், குடும்பம் வழியாக வரும் கைத்தொழில், 18 வயதிலேயே கடன். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பாவின் தொழிலுக்குக் கடன் கொடுத்தால் பிள்ளை எங்கே போவான்? குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும், வயதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. அது நடக்காததால் 2024இல் திட்டத்தை ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்தது. நாம் வரவேற்கிறோம். ஆனால் காகிதத்தில் நிபந்தனையை எடுத்தால் அதிகாரியின் மனத்திலிருந்தும் அது போய்விடுமா?

கடன் விண்ணப்பங்களோடு அலுவலகப் படியேறும் எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அருந்ததியர் இளைஞர் ஒருவர் கணினிப் பழுதுபார்க்கும் கடைக்குக் கடன் கேட்டால் "முன் அனுபவம் இருக்கா?" என்கிறார்கள். கழிவுநீர் ஊர்திக்குக் கேட்டால் அந்தக் கேள்வி வருவதில்லை. அனுபவம் சாதியிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கழிவுநீர் ஊர்தி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மனிதர்கள் சாக்கடைக்குள் இறங்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. குழிக்குள் இறங்க வேண்டிய இடத்தில் இயந்திரம் இறங்கினால் ஓர் உயிர் மிஞ்சும். ஆனால் அந்த இயந்திரத்தை ஓட்டுபவருக்கு பம்பு தெரியும், அழுத்தக் குழாய் தெரியும், லாரி எஞ்சின் தெரியும். விவசாயப் பம்புசெட் பராமரிப்பு, குடிநீர் லாரி, கட்டுமான இயந்திர வாடகை எல்லாம் அவர் கைக்கு எட்டும் தொழில்கள்தான். அவரைத் 'தூய்மைத் தொழில்முனைவோர்' என்று மட்டும் அழைத்தால், முதலாளி ஆன பிறகும் சாதி அவர் தொழிலுக்கு வேலி கட்டுகிறது.

தொழிலை விரித்துப் பார்ப்பது என்பதில் எதை விற்கிறோம் என்பது பாதிதான். எந்த நிபந்தனையில் விற்கிறோம் என்பது மறுபாதி. பறையைப் பாருங்கள். சாவு வீட்டுக்கு ஆள் விட்டு அழைத்து, தெருவில் நிற்கவைத்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ என்றபோது அது அடிமை வேலை. அதை மறுத்துப் பறையைத் தூக்கியெறிந்தவர்கள் செய்தது சரி. அதே பறையைக் கலையாக வரையறுத்து, முன்பணம் பேசி, மேடையேறி, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்பவர்கள் செய்வதும் சரி. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையிலெடுத்தார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தோல் மாறவில்லை, அடியும் மாறவில்லை. யார் பெயர் வைப்பது, யார் விலை சொல்வது என்பது மாறியது.

எனவே நம் சங்கங்களும் சுய உதவிக் குழுக்களும் உடனே செய்யக்கூடிய சில வேலைகள் உண்டு. உத்யம் பதிவில் ஒரே தொழிலை எழுதி நிறுத்த வேண்டியதில்லை, பல தொழில் வகைகளைச் சேர்க்கலாம். 'செருப்புத் தைக்கும் கடை' என்று மட்டும் எழுதாமல் பை, பெல்ட், பள்ளிக் காலணி தயாரிப்பு, பழுதுபார்ப்பு என்று எழுதுங்கள். அப்போது பள்ளிக்கூடத்துக்கும் நிறுவனத்துக்கும் விலைப்புள்ளி கொடுக்க வழி பிறக்கும். ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்பது 2012 முதல் உள்ள கொள்கை. அது ஆண்டுக்கணக்கில் எட்டப்படாமல் கிடக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உள்ள பொதுத்துறை நிறுவனம் எவ்வளவு வாங்கியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது இது. தாட்கோ கடனில் எந்தச் சாதிக்கு எந்தத் தொழிலுக்குக் கடன் கிடைத்தது என்று ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். அருந்ததியருக்குக் கொடுத்ததில் எத்தனை கழிவுநீர் ஊர்தி, எத்தனை மருந்துக்கடை என்று அதில் தெரிந்துவிடும். ஊர்த் தெருவில் நம்மவர் உணவுக்கடை போட்டால் வாங்க மறுப்பதும், வாடகைக்கு இடம் தர மறுப்பதும் வணிகப் பிரச்சினை அல்ல, தீண்டாமைக் குற்றம் என்று வழக்குப் பதியுங்கள். இவை நடக்காமல், காலத்துக்கேற்ப மாறுங்கள் என்று நம்மிடம் மட்டும் பாடம் நடத்துவதில் பொருளில்லை.

ஜெய் பீம்.