மூன்று வருஷக் கணக்கு

தீபாவளி நெருங்கினால் சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து இந்த போன் வந்துவிடும். “மாமா, ஒரு வெப்சைட்ல எண்பது பர்சென்ட் தள்ளுபடின்னு போட்டிருக்கான், நம்பலாமா?” தள்ளுபடியை நம்பலாம். சாத்தூர் ரோட்டில் நிஜக் கடைகளே அப்படித்தான் போர்டு வைத்திருக்கின்றன. பெட்டியில் அச்சடிக்கும் விலை அந்தக் கழிவுக்கும் சேர்த்துத்தான். அந்த இணையதளத்தைத்தான் நம்பக் கூடாது. நடத்துகிறவன் சிவகாசியைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒரு கடையின் விலைப்பட்டியலைச் சுட்டு, க்யூஆர் கோடு ஒட்டினால் முடிந்தது. ஆன்லைனில் பட்டாசு விற்க 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டதால், ஏமாந்தவருக்குப் புகார் கொடுக்கவும் தயக்கம்.

“இவனுகளைத் தூக்குல போடணும்” என்பது டீக்கடைத் தீர்ப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினாலும் சரி, வைரஸ் ஏவினாலும் சரி, மூன்று வருஷம் வரை சிறை, ஜாமீனும் உண்டு. போதாதென்று 2014-இல் தமிழ்நாடு குண்டர் சட்டத்துக்குள் இணையக் குற்றவாளிகளையும் சேர்த்தார்கள். விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம். எனக்கு இதில் சம்மதமில்லை.

காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. உரிமம் இல்லாமல் வெடி தயாரித்தால், வெடிபொருள் சட்டப்படி இதே மூன்று வருஷம் வரைதான். அபராதம் ஐயாயிரம் ரூபாய் வரை. வைரஸ் விட்டவனுக்கோ ஐந்து லட்சம் வரை! 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்ததைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே முதலாளிகள் பயப்படுவது ஜெயிலுக்கு அல்ல, உரிமம் ரத்துக்கு. ஜெயிலுக்குப் போக ஆள் இருக்கிறது: விபத்து நடந்தால் முதலில் கைதாகிறவர் போர்மேன். ஆலையை உள்குத்தகைக்கு விட்டவர் அப்புறம்தான், பல நேரம் முன்ஜாமீனோடு.

இணைய மோசடியிலும் இதே வரிசைதான். கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட கல்லூரிப் பையன் சிக்குகிறான். அவனுக்கு மேலே இருக்கிறவன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. பையன்மேல் குண்டாஸ் போட்டால் மேலே இருப்பவனுக்கு என்ன நஷ்டம்? வேறொரு கணக்கு பிடிப்பான். பணம் கைமாறுவதற்குள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தகவல் போய், கணக்கு முடங்கினால்தான் அவனுக்கு வலிக்கும். கூச்சம் பார்க்காமல் உடனே அந்த எண்ணை அழுத்துங்கள் என்றுதான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் இப்போது சொல்லி வருகிறேன்.