கயிறும் முடிச்சும்

கயிறு இல்லாத இல்லம் இல்லை. துணி உலர்த்தும் கொடி, குழந்தை உறங்கும் தூளி, கிணற்று வாளி, பரணில் ஏற்றும் மூட்டை, ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் கட்டும் அரிசிப்பை ஆகிய யாவும் கயிற்றை நம்பியே நிற்கின்றன. ஆயினும், கடையில் கயிற்றை இழுத்துப் பார்த்து வாங்கும் நாம், முடிச்சை அவ்வாறு தேர்ந்து இடுவதில்லை. கைக்கு வந்தபடி இரண்டு மூன்று முறை சுற்றி இறுக்கிவிட்டால் போதும் என்று கருதுகிறோம். அறுந்த கயிற்றால் மட்டுமன்று, நழுவிய முடிச்சாலும் உயிர்கள் போவதுண்டு. ஆதலின் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய சில முடிச்சுகளைப் பற்றி இத்திங்கள் எழுத எண்ணினோம்.

இக்கலை நம் கடற்கரைக்குப் புதியதன்று. மிதக்கும் மரங்களைக் கயிற்றால் இறுகக் கட்டி, அலைமேல் செலுத்தி, கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர வைப்பது கட்டுமரம். அதன் பெயரிலேயே கட்டு முன்னிற்கிறது. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையின் இம்மரக்கலத்தைக் குறிப்பிட்டார். அச்சொல்லே பின்னர் ‘கேட்டமரான்’ என உலக மொழிகளில் பரவிற்று. சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகுகளிலும் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். ஆணியடித்த படகு அலையின் அடியில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும்.

கட்டுமரங்கள் இன்று அருகிவிட்டன. எனினும் மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பத்திலும், அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த ஊரூர்க்குப்பத்திலும் வலை செப்பனிடும் மீனவர்களின் விரல்களைச் சற்று உற்று நோக்குங்கள். வலைக் கண்ணிகளைப் பிணைக்கும் அந்த முடிச்சும், மாலுமிகள் இரு கயிறுகளை இணைக்கும் முடிச்சும், நெசவாளர் அறுந்த நூலை இணைக்கும் முடிச்சும் வடிவில் ஒன்றே.

நல்ல முடிச்சுக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. எளிதில் இட முடிதல் வேண்டும்; சுமை ஏறியபின் நழுவாதிருத்தல் வேண்டும்; வேலை முடிந்ததும் கத்தியின்றி அவிழ்தல் வேண்டும். எல்லாப் பணிக்கும் ஏற்ற ஒரே முடிச்சு என்று ஒன்றில்லை.

முதலாவது, பொட்டலம் கட்டவும் காயத்திற்குக் கட்டுப் போடவும் உதவும் ‘ரீஃப்’ முடிச்சு. இட முனையை வல முனைமேல் போட்டுச் சுற்றுக. அடுத்து வல முனையை இட முனைமேல் போட்டுச் சுற்றி இறுக்குக. இருமுறையும் ஒரே பக்கமாகச் சுற்றினால் அது போலி முடிச்சாகிவிடும். வேறுபாட்டைக் கண்ணாலேயே அறியலாம். நல்ல முடிச்சில் முனைகள் கயிற்றோடு ஒட்டி நேராகக் கிடக்கும். போலியில் குறுக்கே துருத்தி நிற்கும். நல்ல ரீஃப் முடிச்சாயினும், ஆள் தொங்கும் கயிறுகளை இணைக்க இதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது, ‘போலைன்’ எனப்படும் இறுகாத கண்ணி. கயிற்றில் சிறு வளையம் ஒன்று செய்து, முனையை அதன் அடியிலிருந்து மேலே கொணர்ந்து, நீண்ட கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, மீண்டும் அதே வளையத்திற்குள் இறக்கி இறுக்குக. ஒரு சாண் அளவு முனை மிச்சமிருக்கட்டும். கிணற்றில் விழுந்தவருக்கு நாம் பதற்றத்தில் வீசுவது பெரும்பாலும் உருவு சுருக்காகவே அமைந்துவிடுகிறது. அது இழுக்க இழுக்க மார்பை நெரிக்கும். போலைன் கண்ணியோ எவ்வளவு இழுத்தாலும் சுருங்காது. அதனை அக்குள்களின் கீழ் மாட்டி விரைந்து மேலேற்றலாம். ஆனால், அக்கண்ணியிலும் ஒருவரை நெடுநேரம் தொங்கவிட்டால் மூச்சு முட்டும்.

மூன்றாவது, பருமனில் வேறுபட்ட இரு கயிறுகளை இணைக்கும் முடிச்சு. முன்னர்க் கூறிய வலை முடிச்சு இதுவே. பருத்த கயிற்றின் முனையை மடித்து வளைவாகப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கயிற்றை அவ்வளைவுக்குள் அடியிலிருந்து மேலே இழுத்து, வளைவின் இரு கால்களையும் பின்புறமாகச் சுற்றி, தன் கயிற்றின் அடியிலேயே செருகி இறுக்குக. நைலான் கயிறு வழுக்கும் இயல்புடையது. ஆதலால் அதில் ஒரு சுற்றுக்கு இரு சுற்றாகச் சுற்றுவது நலம்.

நான்காவது, கம்பத்தில் கட்டும் முடிச்சு. கயிற்றைக் கம்பத்தில் இருமுறை சுற்றியபின், முனையை நீண்ட கயிற்றின்மேல் ஒரே திசையில் இரண்டு அரை முடிச்சுகளாக இடுக. துணிக்கொடிக்கும் பந்தல்காலுக்கும் இதுவே போதும். சுமையின் பெரும்பகுதியைச் சுற்றுகளே தாங்குவதால், சுமை இருக்கும்போதே மெல்ல அவிழ்த்துத் தளர்த்தவும் இயலும்.

குகைகளுக்குள் இறங்குவோர் இன்னும் கடுமையான ஒழுங்கைக் கைக்கொள்கின்றனர். மேகாலயத்தின் ஜைந்தியா மலையிலுள்ள லியாட் பிரா குகை 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. இத்தகைய குகைகளில் செங்குத்தான பள்ளங்களும் உண்டு. அங்கே கயிறு ஒன்றே படிக்கட்டு. அவர்கள் பெரிதும் நம்புவது 8 என்ற எண்ணின் வடிவில் அமையும் முடிச்சு. போலைனைப் போல உலுக்கலில் தளர்ந்துவிடாமை அதன் முதற்சிறப்பு. சரியாக இடப்பட்டதா என்பதை மங்கிய வெளிச்சத்திலும் மற்றொருவர் ஒரே பார்வையில் சரிபார்த்துவிடலாம் என்பது அடுத்தது. 1931இல் கார்ல் புருசிக் என்னும் ஆஸ்திரிய மலையேற்றக்காரர் விளக்கிய முடிச்சும் அவர்களுக்குப் பெருந்துணை. மெல்லிய கயிற்று வளையத்தைப் பருத்த கயிற்றில் மும்முறை சுற்றிவிட்டால், சுமை இல்லாதபோது அது வழுக்கி நகரும். சுமை ஏறியதும் இறுகப் பற்றும். அதன் உதவியால் தொங்கும் கயிற்றிலேயே மேலேறலாம்.

கயிற்றைப் பற்றியும் ஒரு சொல். எந்த முடிச்சும் கயிற்றின் வலிமையைக் குறைக்கும். முடிச்சைப் பொறுத்துக் கால் பங்கு முதல் பாதி வரைகூடக் குறையலாம். தென்னங்கயிறு உப்புநீரைத் தாங்கும். நைலான் அதனினும் வலியது, ஆனால் நாள்பட்ட வெயிலில் நலியும். மொட்டை மாடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கயிற்றில் உயிரை ஒப்படைத்தல் தகாது.

இனி, நம் மனச்சான்றைத் தொடும் செய்திக்கு வருவோம். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி, கயிற்றில் கட்டிய ஒரு பலகையில் அமர்ந்து பல மாடி உயரத்தில் தொங்குகிறார். அவருடைய கயிறு மேலே எதில் கட்டப்பட்டுள்ளது என்று நம்மில் எத்தனை பேர் ஏறிப் பார்த்திருக்கிறோம்? தண்ணீர்க் குழாயிலும் பழைய கைப்பிடிச் சுவரிலும் கட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். பலகைக்கு ஒரு கயிறும், முழு உடல் பாதுகாப்பு வாருக்குத் தனியே மற்றொரு கயிறும் வேண்டும். இரண்டையும் உறுதியான வெவ்வேறு தூண்களில் கட்டுதல் வேண்டும். சுவரின் விளிம்பில் கயிறு உராயுமிடத்தில் தடித்த சாக்கை மடித்து வைத்தல் வேண்டும். கூலியைப் பேசும் அன்றே இவற்றையும் பேசுவது வீட்டுக்காரரின் கடமை. இரண்டாவது கயிற்றின் விலையைக் கணக்குப் பார்த்துத் தவிர்த்தோமாயின், நாம் மிச்சம் பிடிப்பது ஒரு குடும்பத்தின் சோற்றிலிருந்தே என்பதை மறவாதிருப்போம்.

கயிறு காக்க இயலாத இடங்களும் உண்டு. கழிவுநீர்த் தொட்டியிலும் பாழ்கிணற்றிலும் நச்சுக்காற்று தங்கியிருக்கும். இடுப்பில் எத்துணை நல்ல முடிச்சு இருந்தாலும் சில நொடிகளில் நினைவு தப்பும். தக்க காப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லையெனினும் அது செய்யத்தகாத செயலே. அவ்வாறே ஓடும் வெள்ளத்தில் இறங்குவோர் கயிற்றை உடலில் கட்டிக்கொள்ளலாகாது. கயிறு விறைக்கும்போது நீரின் வேகம் அவரை அடியில் அமிழ்த்திவிடும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது மீனவர்கள் படகுகளோடு வந்து பலரைக் காத்தனர். நீரை அறிந்தவரிடம் அப்பணியை விட்டு, கரையில் நிற்பவர் கயிற்றை வீசி, கையால் பற்றச் செய்வதே முறை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தடிக் கயிறுகள் இரண்டை வீட்டில் வைத்திருங்கள். மாலையில் பத்து நிமிடம் பிள்ளைகளோடு அமர்ந்து, இங்குக் கூறிய நான்கு முடிச்சுகளையும் போட்டுப் பழகுங்கள். முதலில் கண்ணால் பார்த்து, பின்னர் கண்ணை மூடிக்கொண்டு இடப் பயிலுங்கள்; ஆபத்து இருட்டிலும் வரும். கழுத்தில் மட்டும் கயிற்றை மாட்டி விளையாடலாகாது என்பதை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். ஒருவர் இட்ட முடிச்சை மற்றவர் இழுத்துப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கத்தையும் அப்போதே ஏற்படுத்திவிடுங்கள். பிழை இருந்தால் அவிழ்த்து மீண்டும் இடட்டும்.