கிழிக்கச் சொன்ன தாள்



சில ஆண்டுகளுக்கு முன் மதரஸா மாணவர்களிடம் ‘என் வாப்பா’ என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். பழவேற்காட்டில் என் வகுப்புப் பிள்ளைகள் பலருடைய தந்தையர் வளைகுடாவில் உழைக்கின்றனர். ஒரு மாணவன், விடுமுறையில் வந்த வாப்பா பேசியதைவிடக் கோபித்ததே அதிகம் என்றும், அவர் திரும்பிச் சென்ற நாளில் தனக்கு அழுகையே வரவில்லை என்றும் எழுதியிருந்தான். “பெற்றவரின் குறையை எழுதுவது புறம் பேசுவதாகும், கிழித்துவிடு” என்றேன். “சரி, ஹஜ்ரத்” என்று என் கண்ணெதிரே கிழித்தான்.

அண்மையில் சர்ஃப்ராஸ் மன்சூர் என்பவர் 2007-இல் எழுதிய ‘கிரீட்டிங்ஸ் ஃப்ரம் பெரி பார்க்’ என்னும் தன்வரலாற்றை அகராதியின் துணையோடு மெல்லப் படித்து முடித்தேன். அவருடைய தந்தை 1963-இல் பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்து சென்றவர். லூட்டன் நகரின் வாக்ஸால் கார் தொழிற்சாலையில் உழைத்தவர். குடும்பம் 1974-இல்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தது. தாயார் வீட்டிலேயே துணி தைத்துக் கூலி பெற்றார். அவ்விடத்தைப் படித்தபோது, நம் ஊர்ப் பெண்கள் திண்ணையில் அமர்ந்து பனையோலைப் பெட்டி முடையும் காட்சி நினைவுக்கு வந்தது. நூலாசிரியர் ஓர் அமெரிக்கப் பாடகர்மீது கொண்ட பித்தைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை; அதற்காக நூலை மூடிவைக்கவும் இல்லை. மகனும் தந்தையும் ஓயாமல் முரண்பட்டனர். 1995-இல் தந்தை மறைந்த பிறகே, அவர் எதற்காக அப்படி உழைத்தார் என்பது மகனுக்கு விளங்கியது.

லூட்டனில் குடும்பம் முழுவதும் குடிபெயர்ந்தது. நம்மிடம் குடிபெயர்பவர் வாப்பா ஒருவரே. குடும்பம் ஏரிக்கரையிலேயே இருந்தும், பிள்ளைகள் புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்கின்றனர். என் வாப்பா தம்மாமில் இருந்தபோது கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி அனுப்புவார். முதல் விடுப்பில் வந்து வாசலில் நின்றவரைக் கண்டு, நான் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேனாம். குரல் தெரியும், முகம் தெரியாது. அங்கே என்ன சாப்பிட்டார், யாரோடு தங்கினார் என்று அவருடைய மரணம்வரை நான் ஒருமுறையும் கேட்டதில்லை. அரபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்திறங்கிய முன்னோரைப் பற்றிய செவிவழிச் செய்தியை மட்டும் பெருமையாக ஒப்பிப்போம்!

அந்த மாணவன் செய்தது புறம்தானா? மார்க்கத்தைக் கற்பிக்கும் நான், அன்றே நிதானித்திருக்க வேண்டிய கேள்வி இது. ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் அபூசுஃப்யான் (ரலி) போதிய செலவுத்தொகை தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். புறம் பேசாதே என்று நபியவர்கள் அவரைத் தடுக்கவில்லை, தீர்வு சொன்னார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை வகுத்துரைக்கும் இடத்தில் இந்த ஹதீஸையும் சான்றாகக் கொண்டுவருகிறார். அந்தச் சிறுவனும் ஊரில் தூற்றவில்லை, தன் உஸ்தாதிடம் முறையிட்டான். நானோ அவன் வாயை அடைத்தேன்.

அச்சிட்டு உலகறியச் சொல்வது வேறு என்பீர்கள். உண்மைதான். அதற்கும் யூசுஃப் (அலை) அவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. பெற்றோரும் சகோதரர்களும் எகிப்துக்குக் குடிபெயர்ந்து வந்தபோது, அவர் சிறையிலிருந்து மீண்டதைச் சொன்னார், கிணற்றைச் சொல்லவில்லை. தமக்கும் சகோதரர்களுக்கும் இடையே ஷைத்தான் பிளவை உண்டாக்கினான் என்றார். பிளவை மறைக்கவில்லை, எதிரில் நிற்போரை நாணச் செய்யவும் இல்லை. மன்சூரின் நூலில் தந்தையின் கண்டிப்பைவிட மகனின் அறியாமையே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆதலால் அதைப் புறம் என்று தள்ள என்னால் இயலவில்லை.

தாளைக் கிழித்த மாணவன் இப்போது ஷார்ஜாவில், அவன் வாப்பா தங்கிய அதே அறையில் தங்கியிருக்கிறான். சென்ற ஜும்ஆவுக்குப் பிறகு, அந்தப் பக்கத்தை மீண்டும் எழுதி அனுப்பும்படி குரல் செய்தி விடுத்தேன். கேட்டுவிட்டான் என்று கைப்பேசி காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.