849 ரூபாய்க் கணக்கு

ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 849 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காக, 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்கு, யுனைடெட் இந்தியா இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்குத் தமிழக சர்க்கார் ஒப்புக்கொண்ட பிரிமியம் இது. குடும்பங்கள் சுமார் 1 கோடியே 37 லட்சம். பெருக்கிப் பார்த்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,163 கோடி ரூபாய் ஆகிறது. 2012-ல் இத்திட்டம் தொடங்கியபோது பிரிமியம் 497 ரூபாய்தான். அப்போது காப்புத் தொகையும் குறைவு.

கார்டு வைத்திருப்பவர் கையிலிருந்து பிரிமியமாக ஒரு காசும் போவதில்லை என்பது உண்மை. ஆனால் தருமபுரிக் கடைத்தெருவில் சோப்பு வாங்குகிறவரும் வரி கொடுக்கத்தான் செய்கிறார். 849 எப்படி வந்தது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

இதில் மாயம் ஒன்றுமில்லை. உதாரணத்துக்கு, ஆயிரம் குடும்பங்களில் வருஷத்துக்கு 30 பேர் ஆஸ்பத்திரியில் படுப்பதாகவும், ஆளுக்கு 25,000 ரூபாய் செலவாவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏழரை லட்சம். ஆயிரத்தால் வகுத்தால் குடும்பத்துக்கு 750 ரூபாய். அதன்மேல் நிர்வாகச் செலவும் லாபமும். இந்த 30 என்ற எண்ணைச் சரியாகச் சொல்வதுதான் ஆக்சுவரி என்ற கணித நிபுணரின் வேலை. 1693-ல் ஹாலி என்ற வானசாஸ்திரி (வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான்) பிரெஸ்லா நகரத்து ஜனன மரணப் பதிவைக் கொண்டு ஆயுள் அட்டவணை போட்டார். அன்று முதல் வழி ஒன்றே: நடந்ததை எண்ணி, நடக்கப் போவதை மதிப்பிடுவது.

எதை எண்ணுகிறோம் என்பதில்தான் சிக்கல். கம்பெனியின் ஏட்டில் ஏறுவது ஆஸ்பத்திரிக்கு வந்த நோய் மட்டுமே. சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ நெஞ்சு வலி வந்த ஒருவர், கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, துணைக்கு ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு இறங்கி வர முடியாமல் வீட்டிலேயே கிடந்தால், ஏட்டில் அவர் ஆரோக்கியமானவர்! கிளெயிம் குறைந்த ஊரை நோய் குறைந்த ஊர் என்று படிப்பது பெரும் பிழை. அந்தப் பிழையால் பிரிமியம் குறைந்தாலும் நமக்கு அதில் சந்தோஷம் இல்லை.

தருமபுரி நிலத்தடி நீரின் புளோரைடு இன்னொரு பாடம். பல்லையும் எலும்பையும் மெல்ல மெல்ல அது கெடுக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் பல வருஷம் குடித்த நீர் இன்றைய முதியவர்களின் முழங்காலில் இருக்கிறது. நல்ல நீரின் பலன் இன்றைய குழந்தைகளுக்கு வயதாகும்போதுதான் கணக்கில் தெரியும். மூன்று வருஷ கிளெயிமை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் புலப்படாது. பழைய ஜில்லாப் புள்ளிவிவரத்தை எடுத்தாலோ, 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த ஜில்லா, 2004-ல் கிருஷ்ணகிரியையும் பிரித்துக் கொடுத்தது. எந்தத் தருமபுரியின் கணக்கு என்று முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஜில்லாவுக்கு ஒரு பிரிமியம் வைக்கலாமா? கூடாது. நோய் மிகுந்த ஜில்லா அதிக விலையுள்ள ஜில்லாவாகிவிடும். அதோடு கூட்டம் சிறியதானால் கணக்கும் ஆட்டம் காணும். நூறு வீட்டு ஊரில் ஒரு வருஷம் ஒருவரும் படுக்க மாட்டார், மறு வருஷம் ஆறு பேர் படுப்பார்கள். கோடிக் குடும்பங்கள் சேரும்போதுதான் ஏற்ற இறக்கம் சமனாகிறது. பிரிமியம் மாநிலத்துக்கு ஒன்றாகவே இருக்கட்டும்.

ஆனால் கணக்கு தாலுகாவாரியாக வெளிவர வேண்டும். அரூரில் எத்தனை கார்டு, எத்தனை பேருக்குச் சிகிச்சை, எத்தனை மனு தள்ளுபடி, எவ்வளவு ரூபாய்? மலைக் கிராமங்களுக்குத் தனிப் பத்தி வேண்டும். கிளெயிம் மிகக் குறைந்த இடங்களில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, நோயே இல்லையா, வர வழி இல்லையா என்று விசாரிக்க வேண்டும். அடுத்த டெண்டருக்கு விலை கேட்கும் முன், அந்த விசாரணையின் முடிவும் ஆக்சுவரியின் மேஜைக்குப் போய்ச் சேரட்டும்.