தடாகமும் கடலும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் உம்மா வாசலில் காத்திருந்தார். "மௌலவி, இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. லீவுக்குக் கொழும்பில மாமா வீட்டில நிண்டு தடாகத்தில நீச்சல் படிச்சிட்டு வந்திருக்கான். இப்ப கடலில நீந்தப் போறன் எண்டு நிக்கான்" என்றார். பையனோ, "ஐம்பது மீட்டர் தடாகத்தில நாற்பது தரம் நிற்காம நீந்துவேன் மௌலவி" என்கிறான். அவனுடைய ராத்தா பின்னால் நின்று, தனக்கும் படிக்க ஆசை என்று மெல்லச் சொன்னாள். உம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் என் மச்சான் ஒருவர் கரைவலைக்காரர். அவரிடமும், நீச்சல் பயிற்றுவிக்கும் நண்பர் ஒருவரிடமும் கேட்டறிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நீச்சல் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. வீண் விளையாட்டில் சேராத நான்கு காரியங்களில் நீச்சல் கற்பதும் ஒன்று என்ற ஹதீஸை இமாம் நஸாயீ பதிந்திருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் ஆறு வயதில் தாயார் ஆமினாவோடு மதீனா சென்றிருந்தபோது, பனூ அதீ குலத்தாரின் கிணற்றில் நீந்தப் பழகியதைப் பின்னாளில் நினைவுகூர்ந்ததாக இப்னு ஸஃது எழுதுகிறார். அதுவும் ஒரு தடாகம்தான் அல்லவா? அசையாத தண்ணீர், எட்டும் தூரத்தில் சுவர்.

அந்தச் சுவரில்தான் விஷயமே இருக்கிறது. தடாகத்தில் ஒவ்வொரு ஐம்பது மீட்டருக்கும் சுவரைக் காலால் உதைத்துத் திரும்புகிறோம். நமக்குத் தெரியாமலே அது ஒரு இளைப்பாறுதல். அடியில் கறுப்புக் கோடு வழிகாட்டுகிறது. கடலில் சுவரும் இல்லை, கோடும் இல்லை. எனவே கடலுக்காகத் தடாகத்தில் பயில்கிறவர்கள் சுவரைத் தொடாமல் நடுவிலேயே திரும்பப் பழகுகிறார்கள். சில வீச்சுக்கு ஒரு முறை கண்ணை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தி எதிரே ஒரு அடையாளத்தைப் பார்க்கிறார்கள். அலை ஒரு பக்கமிருந்து முகத்தில் அடித்தால் மறுபக்கம் மூச்செடுக்க வேண்டுமே, அதனால் இரு பக்கமும் மூச்செடுக்கக் கற்கிறார்கள். கால் எட்டாத ஆழத்தில் நின்றபடியே மிதந்து தண்ணீர் குடிக்கவும் பழகுகிறார்கள். நெடுங்கடல் நீச்சலில் துணைப்படகைப் பிடித்தால் நீந்தியது கணக்கில் சேராது!

நம் பையனின் நாற்பது தரம் 2 கிலோமீட்டர். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர், அதாவது அறுநூறு தரம், சுவரே இல்லாமல். 1994இல் அந்த நீரிணையைக் கடந்தபோது குற்றாலீஸ்வரனுக்குப் பன்னிரண்டு வயது. சென்னையில் நீச்சல் குளத்தில் பயிற்சி தொடங்கிய பிள்ளை அவர். 2021இல் நம் நாட்டு விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர போய்த் திரும்பியே வந்தார், 28 மணி நேரத்துக்கும் மேலாக. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இலேயே பாக்கு நீரிணையை இருவழியும் நீந்தியவர். அப்பேர்ப்பட்டவரே 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரிழந்தார். இதைப் பையனிடம் சொன்னபோது முதல்தடவையாக அவன் தலை குனிந்தது.

மச்சான் சொன்னது வேறு. "மௌலவி, அலை உடையிற இடத்தில ஆபத்துக் குறைவு. அலை உடையாம, சும்மா அமைதியாத் தெரியிற ஒடுங்கின இடம் இருக்கே, அங்கதான் கடல் இழுக்கும்." கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. பிள்ளைகள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குகிறார்கள். இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரையோடு சமமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பின் கரைக்கு வர வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் நம் பக்கக் கடலில் இறங்கவே கூடாது.

2004 டிசம்பர் 26ஐ நினைத்து, நீச்சல் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சில சகோதரிகள் அழுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படி எண்ணி மனதை வருத்தாதீர்கள். அந்தத் தண்ணீருக்கு முன் எந்த நீச்சலும் நிற்காது. அதற்கு மருந்து, கடல் உள்வாங்கியதும் மேட்டுக்கு ஓடுவதுதான்.

ஆனால் படகு கவிழ்ந்தால்? களப்பில் பிள்ளை விழுந்தால்? 2015 ஆகஸ்டில் துருக்கியிலிருந்து கிரேக்கத் தீவு லெஸ்போஸ் நோக்கிச் சென்ற சிறு இறப்பர்ப் படகில் சுமார் இருபது சிரிய அகதிகள் இருந்தார்கள். நடுவழியில் இயந்திரம் நின்றது. பதினேழு வயது யுஸ்ரா மர்தினியும் அவளுடைய ராத்தா ஸாராவும் கடலில் குதித்து, இன்னும் இருவரோடு சேர்ந்து, மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் படகைத் தாங்கிக் கரை சேர்த்தார்கள். இருவரும் திமிஷ்கில் தடாகத்தில் வளர்ந்தவர்கள். பயிற்றுவித்தவர் வாப்பாவே. மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியில் யுஸ்ரா நீந்தினாள்.

இதை அந்த உம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உடுப்பு, மௌலவி?" என்றார். நியாயமான கேள்வி. அபாயாவோடு இறங்கக் கூடாது. அது காலைச் சுற்றும். அவுஸ்திரேலியாவில் வாழும் லெபனானியச் சகோதரி அஹீதா ஸனெட்டி 2004இல் உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சல் உடையைத் தைத்தார். தலைமறைப்பும் அதிலேயே இருக்கும். பெண்களுக்கென்று தனி நேரம், பெண் பயிற்றுநர், கரையில் ஒரு பொறுப்பானவர், இவை அமைந்தால் மகளைத் தடுக்க என்னிடம் காரணம் இல்லை என்றேன். மகனுக்கு, மச்சான் கூட நின்றாலன்றிக் கடலில் இறங்குவதில்லை என்று வாக்கு வாங்கினேன்.

அவர்கள் போன பின், உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கேட்டார்: "அந்தத் தனி நேரம் எப்ப எண்டு விசாரிச்சுச் சொல்லுங்க. நானும் வாறன்."

விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.