விரிசல் விட்ட பிளாக்கை வாங்கலாமா?

கிள்ளான் பக்கம் ஹாஃப்கட் கடைகளில், ஜப்பானிலிருந்து பாதியாய் வெட்டி வந்த கார்களுக்கு நடுவே அடிபட்ட எஞ்சின் பிளாக்குகளும் கிடக்கும். விலை மலிவு என்று உடனே பணத்தை நீட்டிவிடாதீர்கள். எங்கே அடிபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மவுண்ட் பிடிக்கும் காது உடைந்திருந்தால் தேர்ந்த வெல்டர் சரிசெய்துவிடுவார். சிலிண்டர் சுவரில் கீறல் என்றால் துளையைக் கடைந்து பெரிதாக்கி அளவு கூடிய பிஸ்டன் போடலாம். அதற்கும் மிஞ்சினால் ஸ்லீவ் இறக்கலாம். கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் மெயின் பேரிங் பகுதியில் விரிசல் கண்டால் மட்டும் பேரமே வேண்டாம். எஞ்சினின் முழுப் பாரத்தையும் தாங்கும் இடம் அது. கண்ணுக்குத் தெரியாத விரிசலும் உண்டு. உதாரணமாக, 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவின் மிட்சுபிஷி எஞ்சின் வார்ப்பிரும்பு பிளாக் கொண்டது; அத்தகைய பிளாக்கில் காந்தத் தூள் சோதனை அந்த விரிசலைக் காட்டிக்கொடுக்கும். அலுமினிய பிளாக்கில் காந்தம் பலிக்காது, சாயச் சோதனைதான் வழி. தண்ணீர் ஓடும் பாதைகளுக்கு அழுத்தச் சோதனை அவசியம். கடைக்காரர் இந்தச் சோதனைகளுக்கு இணங்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். லேத் கூலி, பிஸ்டன், பேரிங், கேஸ்கட் எல்லாவற்றையும் காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். ஓடும் நிலையிலுள்ள முழு எஞ்சினின் விலையை நெருங்கினால் அந்த பிளாக் வேண்டாம். மாதச் சம்பளத்தில் காரை ஓட்டும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். எஞ்சின் எண் பொறித்திருப்பதும் பிளாக்கில்தான். பிளாக்கை மாற்றினால் பரிசோதனை முடித்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் பதிவைத் திருத்த வேண்டும். எண் சுரண்டப்பட்ட பிளாக்கைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.